மெல்பர்னில் செய்த ஓரியன்: ஷார்ஜாவில் பழைய கார் தேடுகிறவர்களுக்கு

20,000 திர்ஹத்துக்குள் ஒரு குடும்பக் கார் வேண்டும், ஓட்டி அலுத்த பிறகு எறிந்துவிடுகிற கார் இல்லை, நின்று உழைக்கிற கார் வேண்டும் என்று யார் கேட்டாலும் நான் சொல்வது டொயோட்டா ஓரியன். கேம்ரி இல்லையா என்பார்கள். இல்லை, ஓரியன்தான். 2007 முதல் 2011 வரை இங்கே ஓடிய அந்த முதல் தலைமுறை, 3.5 லிட்டர் வி6 என்ஜின், 6 கியர் ஆட்டோமேட்டிக்.

நான் வைத்திருப்பது 2010 மாடல், வெள்ளி நிறம், 17,000 திர்ஹத்துக்கு வாங்கியது. எனக்குத் தொழில் ஏ.சி. கான்ட்ராக்டிங்கில் சூப்பர்வைசர். வீடு ஷார்ஜா அல் நஹ்தா, சைட் பெரும்பாலும் ஜெபல் அலி பக்கம். காலையும் மாலையும் 311 ரோட்டில் கிடக்கிற ஜென்மம். ஊர் கடையநல்லூர். இதையெல்லாம் சொல்வது, நான் கார் பைத்தியம் பிடித்தவன் இல்லை, வண்டி பழுதாகி நின்றால் ஒரு நாள் சம்பளம் போகிற ஆள் என்பது தெரியட்டும் என்றுதான்.

இந்தக் கார் ஆஸ்திரேலியாவில் செய்தது. மெல்பர்ன் நகரத்தின் மேற்கே ஆல்டோனா என்ற இடத்தில் டொயோட்டாவின் தொழிற்சாலை இருந்தது. வளைகுடாவுக்கு வந்த ஓரியன் அங்கிருந்து கப்பலேறியதுதான். 1996லிருந்தே அங்கே செய்த கேம்ரி இந்தப் பக்கம் வந்துகொண்டிருந்தது. நல்ல காலத்தில் ஆல்டோனா செய்த கார்களில் பாதிக்கும் மேலே மத்திய கிழக்குக்குத்தான். அங்கே சாலையில் இடதுபக்கம் போகிறார்கள், ஸ்டியரிங் வலதுபக்கம். ஆனால் நமக்காக இடதுபக்க ஸ்டியரிங் வைத்த வண்டியும் அதே லைனில் ஒன்றன்பின் ஒன்றாக வந்தது.

இது ஏன் முக்கியம் என்றால், ஷார்ஜாவின் பழைய கார் சந்தையான சூக் அல் ஹராஜில் ஒரு சுற்று சுற்றி வாருங்கள், புரியும். அங்கே வரிசையாக நிற்கிற பளபளப்பான கேம்ரிகளில் கணிசமானவை அமெரிக்காவில் அடிபட்டோ வெள்ளத்தில் மூழ்கியோ இன்ஷூரன்ஸ் கம்பெனி கைகழுவி ஏலத்தில் விட்டவை. கன்டெய்னரில் இங்கே வந்து, தட்டி நிமிர்த்தி, பெயின்ட் அடித்து நிற்கின்றன. 'அமெரிக்கன் ஸ்பெக்' என்று மெதுவாகச் சொல்வார்கள், சில பேர் சொல்லவே மாட்டார்கள். ஏர்பேக் இருக்கிறதா, வெறும் மூடி மட்டும் ஒட்டியிருக்கிறதா என்று நமக்கு எப்படித் தெரியும்?

ஓரியனில் இந்தத் தலைவலி இல்லை. காரணம் ரொம்ப எளிது. ஓரியன் அமெரிக்காவில் விற்கவே இல்லை. விற்காத காரை அங்கே யாரும் இடித்து ஏலம் விட முடியாது. இங்கே நிற்கிற ஓரியன் இங்கேயே புதிதாக இறங்கி, இந்த வெயிலுக்கென்று வந்த வண்டி. இங்கேயே இடிபட்டிருக்கலாம், அது வேறு விஷயம். அதற்கு நம்மூர் டெஸ்டிங் சென்டரில் காசு கட்டி முழுச் சோதனை செய்தால் தெரிந்துவிடும்.

சந்தேகம் இருந்தால் சேஸிஸ் நம்பரைப் பாருங்கள். முதல் மூன்று எழுத்து போதும். 6டி1 (6T1) என்று ஆரம்பித்தால் ஆஸ்திரேலிய டொயோட்டா. 4டி1 (4T1) என்றால் அமெரிக்காவில் செய்தது. ஜேடி (JT) என்று ஆரம்பித்தால் ஜப்பான். கேம்ரி தேடுகிறவர்களுக்கும் இந்தக் கணக்கு உதவும், ஏனென்றால் அந்தக் காலத்து ஜிசிசி (வளைகுடா நாடுகளுக்கென்று வந்த) கேம்ரிகளிலும் 6டி1 நிறைய உண்டு. நம்பர் படிக்கத் தெரியவில்லை என்றால் வண்டியின் பதிவு அட்டையான முல்கியாவைத் திருப்பிப் பாருங்கள், பின்பக்கத்தில் எந்த நாட்டில் செய்தது என்று போட்டிருக்கும்.

என்னிடம் விற்றவர் கடைசி வரை "ஜப்பான் மேட் பாயி, ஒரிஜினல் ஜப்பான்" என்றே சொல்லிக்கொண்டிருந்தார். நான் டிரைவர் கதவைத் திறந்து, தூணின் அடியில் இருந்த தகட்டைக் கைக்குட்டையால் துடைத்துக் காட்டினேன். புழுதிக்குக் கீழே ஆஸ்திரேலியா என்று பளிச்சென்று இருந்தது. அவருக்கு முகம் சுருங்கிவிட்டது. குட்டு வெளிப்பட்டதாக நினைத்து அவராகவே ஐந்நூறு திர்ஹம் குறைத்தார். நான் அதற்காகத்தான் அந்தக் காரைத் தேடி வந்தவன் என்பதை நான் ஏன் சொல்லப்போகிறேன்?

இந்த நினைப்பு வளைகுடா முழுக்க இருக்கிறது. ஜப்பானில் செய்தது உசத்தி, மற்றதெல்லாம் ஒரு படி கீழே. அதனாலேயே ஒரே வயது, ஒரே கிலோமீட்டர் ஓடிய நாலு சிலிண்டர் கேம்ரியைவிட ஓரியன் மலிவாகக் கிடைக்கிறது. அதைவிடப் பெரிய என்ஜின், அதைவிட நிறைய வசதி, விலை குறைவு. வாங்குகிறவனுக்கு இதைவிட என்ன வேண்டும்.

சரி, ஓட்டுவதற்கு எப்படி? 200 கிலோவாட் என்ஜின், குதிரைத் திறனில் கிட்டத்தட்ட 270. பதினைந்து வயதான காரில் இவ்வளவு பலமா என்று முதல் தடவை மிதிக்கிறவர்கள் கொஞ்சம் பயப்படுவார்கள். ரவுண்டபவுட்டிலிருந்து வெளியே வந்து 311ல் சேரும்போது லாரிகளுக்கு நடுவே ஒரு சந்து கிடைத்தால் போதும், மிதித்தால் போய்ச் சேர்ந்துவிடும். இவ்வளவு பலமும் முன்சக்கரங்களுக்கே போவதால், நின்ற இடத்திலிருந்து ஒரே அழுத்தாக அழுத்தினால் ஸ்டியரிங் கையை ஒரு பக்கமாக இழுக்கும். இந்த ரகத்து ஓரியனுக்கே உள்ள குணம் அது. இரண்டு கையும் ஸ்டியரிங்கில் இருக்கட்டும், அவ்வளவுதான்.

ஜெபல் ஜெய்ஸ் மலைக்குக் குடும்பத்தோடு ஏறினோம். ஐந்து பேர், பின்னால் பிரியாணி அண்டா, ஏ.சி. முழு வேகத்தில். ஏற்றத்தில் முக்கல் முனகல் இல்லை. மூன்றாவது கியரில் உட்கார்ந்துகொண்டு நிதானமாக ஏறியது. இறங்கும்போதுதான் வண்டியின் கனம் தெரியும். பிரேக்கையே நம்பி இறங்காமல் கியரைக் குறைத்துக்கொள்ளுங்கள். வளைவுகளில் இது விளையாட்டுக் கார் இல்லை, சாயும். நெடுஞ்சாலையில் அபுதாபி போகிற நேர்ரோட்டில்தான் இதன் அருமை. 140ல் போகும்போதும் உள்ளே பேசுகிற பேச்சு பேச்சாகவே கேட்கும், கத்த வேண்டாம். தூரமும் வெயிலும் உள்ள நாட்டில் செய்த கார் என்பது அந்த ரோட்டில் தெரிகிறது.

இப்போது என் துறை. ஏ.சி.

சைட்டில் டக்ட் சோதிக்க வைத்திருக்கிற புரோப் தெர்மாமீட்டரை ஒரு ஜூலை மதியம் நடு வென்ட்டில் செருகிப் பார்த்தேன். வெளியே 45 டிகிரி. கார் வெயிலிலேயே நின்றிருந்தது. ஜன்னலை இறக்கி உள்ளே இருந்த கொதிகாற்றை வெளியே விட்டு, ரீசர்க்குலேஷன் போட்டு ஓட்ட ஆரம்பித்ததும் முள் மளமளவென்று இறங்கியது. 311ல் ஏறிக் கொஞ்ச தூரத்தில் 8 டிகிரிக்கு வந்து நின்றது. அல் நஹ்தா சிக்னலில் வரிசையில் நின்றபோது 13 வரை ஏறியது. இதைக் குறை என்று சொல்ல மாட்டேன். நின்றால் கன்டென்சருக்கு ஃபேன் காற்று மட்டும்தான், ஓடினால் எதிர்காற்று. எந்தக் காரிலும் இது நடக்கும். ஓரியனில் நகர ஆரம்பித்த மறு நிமிடம் திரும்ப ஒற்றை இலக்கத்துக்கு வந்துவிடுகிறது. கேஸ் அளவு சரியாக இருக்கிற, கன்டென்சர் அடைப்பு இல்லாத வண்டியின் லட்சணம் இது. நீங்கள் பார்க்கிற வண்டியில் சிக்னலில் வென்ட்டில் 20 காட்டினால் "கேஸ் மட்டும் போட்டால் போதும்" என்று விற்கிறவர் சொல்வதை நம்பாதீர்கள். கேஸ் தானாகக் குறையாது, எங்கேயோ கசிகிறது.

உள்ளே இடம் தாராளம். பின்சீட்டில் தரை கிட்டத்தட்ட சமமாக இருக்கும், நடுவில் மேடு துருத்தாது. அம்மா விசிட்டில் வந்திருந்தபோது நடுவில் உட்கார்ந்து சம்மணம்கூடப் போட்டுவிட்டார். டிக்கி 500 லிட்டர் சொச்சம். ஊருக்குப் போகிற நாளில் இரண்டு பெரிய பெட்டி, கயிறு கட்டிய இரண்டு அட்டைப்பெட்டி, பையனின் சைக்கிள் (சக்கரம் கழற்றி) எல்லாம் போயிற்று. டேஷ்போர்டு மட்டும் அழகு என்று சொல்ல முடியாது. அந்தக் காலத்து வெள்ளி பூசிய பிளாஸ்டிக், நீலநிற வெளிச்சம். என் வீட்டில் அதைப் பார்த்து "பழைய மியூசிக் சிஸ்டம் மாதிரி இருக்கு" என்றாள்.

பெட்ரோல் விஷயத்தில் ஒளிவுமறைவு வேண்டாம். கம்பெனி சொன்ன கணக்கு 100 கிலோமீட்டருக்கு 9.9 லிட்டர். ஷார்ஜா டிராஃபிக்கில் அந்தக் கணக்கெல்லாம் நடக்காது. எனக்கு ஊருக்குள் லிட்டருக்கு 8 கிலோமீட்டர், நெடுஞ்சாலையில் 11 வரை. டேங்க் 70 லிட்டர். 2015 ஆகஸ்டில் இங்கே பெட்ரோல் விலையைச் சந்தையோடு அவிழ்த்துவிட்டார்கள். அதற்கு முன்னால் வி6 வைத்திருப்பது யாருக்கும் பாரமில்லை. இப்போது மாதம் பிறக்கும்போது விலை என்ன என்று பார்க்கிற பழக்கம் வந்துவிட்டது. தினமும் துபாய் போய் வருகிறவர் என்றால் மாதப் பெட்ரோல் கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். நாலு சிலிண்டர் கேம்ரி இந்த ஒரு விஷயத்தில் ஜெயிக்கும்.

பராமரிப்பில் மூன்று விஷயம் தெரிந்திருக்க வேண்டும். என்ஜினில் டைமிங் பெல்ட் இல்லை, செயின்தான், அதனால் பெல்ட் மாற்றுகிற செலவு இல்லை. ஆயில் ஃபில்டரோடு சேர்த்து 6.1 லிட்டர் பிடிக்கும். நாலு லிட்டர் கேன் ஒன்றை வாங்கி ஊற்றிவிட்டு அனுப்புகிற கடைகளில் பக்கத்திலேயே நில்லுங்கள். இரண்டாவது, இந்த 2ஜிஆர் என்ஜினின் ஆரம்ப வருடங்களில் வால்வ் டைமிங்குக்கு ஆயில் கொண்டுபோகிற ஒரு குழாயின் நடுவில் ரப்பர் துண்டு இருந்தது. வயதானால் அது வெடித்து ஆயில் மொத்தமும் கொட்டிவிடும் என்பது மெக்கானிக்குகள் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. அதற்குப் பதிலாக முழுக்க உலோகத்தில் குழாய் வந்தது. வாங்குமுன் பானெட்டைத் திறந்து எந்தக் குழாய் இருக்கிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். ரப்பர் இருந்தால் முதல் வேலை அதை மாற்றுவது.

மூன்றாவது ஸ்பார்க் பிளக். இந்த என்ஜின் குறுக்காக உட்கார்ந்திருக்கிறது. முன்வரிசை மூன்று பிளக்கும் கண்ணுக்கு எதிரே, கைக்கு எட்டும் இடத்தில். பின்வரிசை மூன்றும் இன்டேக் மேனிஃபோல்டுக்குக் கீழே, கண்ணாடிப் பக்கம் ஒளிந்திருக்கும். மேலே இருப்பதைக் கழற்றாமல் தொட முடியாது. இண்டஸ்ட்ரியல் ஏரியாவில் எனக்கு வேலை பார்க்கிற மலையாளி மெக்கானிக் முதலிலேயே சொல்லிவிட்டார்: "சாரே, முன்னால மூணுக்குப் பத்து நிமிஷம். பின்னால மூணுக்கு அரை நாள் கூலி தரணும்." சரி என்று கழற்றச் சொன்னேன். முன்னால் இருந்த மூன்றும் புத்தம் புதிது. பின்னால் இருந்த மூன்றும் கம்பெனியில் போட்டது, முனை தேய்ந்து, வெள்ளைப் பீங்கானில் பழுப்புக் கறை ஏறியிருந்தது. பழைய ஓனர் கொடுத்த ஃபைலில் ஒரு ஒர்க்‌ஷாப் பில் இருக்கிறது. அதில் ஆறு பிளக்குக்கும் காசு, ஆறுக்கும் கூலி! எந்தக் கடை என்று எழுதப்போவதில்லை. ஆனால் நீங்கள் வாங்குகிற ஓரியனின் பில்லில் ஆறு பிளக் மாற்றியதாக இருந்தால், மேனிஃபோல்டு காஸ்கெட்டும் (அதைக் கழற்றி மாட்டும்போது மாற்றுகிற சீல்) அதே பில்லில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லை என்றால் பின்வரிசையை யாரும் தொடவில்லை என்று அர்த்தம்.

உதிரிபாகத்தைப் பற்றி நிறையப் பேர் பயப்படுகிறார்கள். தொழிற்சாலையையே மூடிவிட்டார்களே, பாகம் எங்கே கிடைக்கும் என்று. என்ஜின் பாகங்களுக்குப் பயமே வேண்டாம். இதே 2ஜிஆர் என்ஜின்தான் வி6 கேம்ரியில், அவலானில், லெக்ஸஸ் இஎஸ் 350ல். ஃபில்டர், வாட்டர் பம்ப், காயில் எதுவும் எந்தக் கடையிலும் கிடைக்கும். உடம்புதான் தனி. முன்விளக்கு, பம்பர், கிரில், பின்விளக்கு எல்லாம் ஓரியனுக்கு மட்டும் உள்ள வடிவம், கேம்ரியிலிருந்து எடுத்துப் பொருத்த முடியாது. ஆனால் நாம் இருப்பது ஷார்ஜாவில். பழைய வண்டிகளை உடைத்துப் பாகம் பாகமாக விற்கிற யார்டுகள் இங்கே தெருத்தெருவாக இருக்கின்றன. பார்க்கிங்கில் யாரோ இடித்துவிட்டுப் போன என் பின்விளக்குக்கு மாற்று, ஒரே மாலையில் கிடைத்தது.

ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தவை ஓரியனும் கேம்ரியும் மட்டுமில்லை. செவ்ரோலே கேப்ரிஸ், லூமினா இரண்டும் அங்கிருந்து வந்தவைதான். அடிலெய்டு அருகே எலிசபெத் என்ற ஊரில் ஹோல்டன் கம்பெனி செய்து, முகத்தில் செவ்ரோலே முத்திரை வைத்து அனுப்பியது. ஹோல்டனில் ஸ்டேட்ஸ்மன் என்றும் கேப்ரிஸ் என்றும் ஓடிய நீளமான கார் இங்கே செவ்ரோலே கேப்ரிஸ். அங்கே கமடோர் என்று ஓடியது இங்கே லூமினா. எங்கள் கம்பெனியில் விசா, அரசாங்க அலுவலக வேலைகளைப் பார்க்கிற மந்தூப் ஒரு 6 லிட்டர் வி8 கேப்ரிஸ் வைத்திருந்தார். பின்சீட்டில் கால் நீட்டினால் முன்சீட்டை எட்டாது, இரண்டு சக்கரங்களுக்கு நடுவே 3 மீட்டர். பின்சக்கரம் தள்ளுகிற வண்டி. அதனாலேயே சவூதி இளைஞர்கள் டிரிஃப்ட் அடிக்க லூமினாவைத் தேடித் தேடி வாங்கினார்கள். ஆசை இருந்தால் வாங்கலாம். ஆனால் பழைய லூமினா ஒன்று எப்படி ஓட்டப்பட்டிருக்கும் என்பதை யோசித்துக்கொள்ளுங்கள், பின் டயர்களைப் பார்த்தாலே ஜாதகம் தெரியும். பெட்ரோல் செலவில் வி8 முன்னால் என் ஓரியன் பரம சாது.

இவ்வளவு நல்ல கார்களை ஏன் நிறுத்தினார்கள் என்று என் சைட்டில் ஒரு பையன் கேட்டான். ஒரே காரணம் இல்லை. சின்னச் சந்தை, பெரிய சம்பளம், இறக்குமதிக்கு வரி 5 சதவீதமாகக் குறைந்தது, இப்படிப் பல. ஆனால் நம்மைத் தொடுகிற காரணம் ஒன்று உண்டு. திர்ஹமும் ரியாலும் அமெரிக்க டாலரோடு கட்டிப்போட்ட பணம். ஆஸ்திரேலிய டாலர் அப்படி இல்லை. 2001ல் ஒரு ஆஸ்திரேலிய டாலருக்கு அமெரிக்கக் காசு 50 சென்ட் அளவுக்குத்தான் இருந்தது. 2011ல் 1 டாலர் 10 சென்ட் வரை போய்விட்டது. ஆல்டோனாவில் தொழிலாளிக்குச் சம்பளம் அவர்கள் டாலரில். இங்கே ஷோரூமில் கார் விலை நம் திர்ஹத்தில். நடுவில் ரேட் இரண்டு மடங்குக்கு மேல் மாறிவிட்டால் அனுப்புகிறவனுக்கு என்ன மிஞ்சும்? எக்ஸ்சேஞ்சில் பத்து பைசா ஏறட்டும் என்று சம்பளத்தைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருக்கிற நமக்கு இதை யாரும் விளக்க வேண்டாம்.

ஃபோர்டு 2016 அக்டோபர் 7ல் அங்கே கார் செய்வதை நிறுத்தியது. ஆல்டோனா 2017 அக்டோபர் 3ல் மூடியது, எலிசபெத் அதே மாதம் 20ல். ஓரியன் என்ற பெயரும் அதோடு போயிற்று. அதற்குப் பின் இங்கே இறங்குகிற கேம்ரி ஜப்பானிலிருந்து வருகிறது.

2012க்குப் பிறகு வந்த இரண்டாம் தலைமுறை ஓரியனும் நல்ல வண்டிதான், உள்ளே பார்க்கவும் நன்றாக இருக்கும், ஆனால் விலை கூடுதல். என்ஜினும் கியரும் கிட்டத்தட்ட அதே குடும்பம் என்பதால், 20,000 தான் பட்ஜெட் என்கிறவர்கள் அதற்காக லோன் போட வேண்டாம். விற்கும்போது நல்ல விலை வேண்டும், இரண்டு வருடத்தில் விசா கேன்சல் அடித்து ஊருக்குப் போகிறவன் நான் என்றால் கேம்ரியே வாங்குங்கள், கொடுத்த வேகத்தில் கைமாறும். ஓரியனை விற்க ஆள் தேட வேண்டியிருக்கும், வருகிறவரும் அடிமாட்டு விலைக்குத்தான் கேட்பார். குறைந்தது ஐந்து வருடம் இருக்கப்போகிறவர்களுக்கான கார் இது.

கடைசியாக ஒன்று. டி.ஆர்.டி. என்பது டொயோட்டாவின் ரேஸிங் பிரிவு. டி.ஆர்.டி. ஓரியன் என்று பின்னால் சிவப்பு எழுத்து ஒட்டி, மூவாயிரம் நாலாயிரம் கூடுதலாகக் கேட்பார்கள். அசல் டி.ஆர்.டி. ஓரியனில் சூப்பர்சார்ஜர் (என்ஜினுக்குள் காற்றை அழுத்தி ஏற்றுகிற கருவி) இருக்கும், 241 கிலோவாட். ஆஸ்திரேலியாவில் 2007லிருந்து 2009 வரைதான் விற்றார்கள். பானெட்டைத் திறக்கச் சொல்லுங்கள். என்ஜின் மேல் சூப்பர்சார்ஜர் இல்லை என்றால் அந்தச் சிவப்பு எழுத்து சிவப்பு ஸ்டிக்கர்தான், அதன் விலை பதினைந்து திர்ஹம்.